தொப்பூர் வரை போன சுற்றுலா

சுற்றுலாத் திட்டம் போட உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அப்பா, அம்மா, தங்கை, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பாவின் லாரியில் பதினோரு வருடம் கிளீனராக இருந்தவர். நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று அம்மா போன் செய்தபோது, வெற்றிலைக் கொடிக்காலில் வேலை கிடக்கிறது, நீங்கள் போய்விட்டு வாருங்கள் என்று பரமத்தி வேலூரிலிருந்தபடியே சொல்லிவிட்டார். இன்னொருவர், ஒன்பது வருடத்துக்கு முன் தொப்பூர் மலைச்சாலையில் அப்பாவின் லாரியில் அடிபட்டு இறந்தவர். அவருடைய பெயர் அன்றைக்கு எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அதுவரை எங்கள் வீட்டிலிருந்து யாரும் சுற்றுலா என்று எங்கும் போனதில்லை. அப்பா இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவர். இந்தியாவில் அவர் போகாத மாநிலம் குறைவு. ஆனால் கிருஷ்ணகிரி என்றால் அவருக்கு டோல்கேட், ஓசூர் என்றால் செக்போஸ்ட், பெங்களூர் என்றால் லாரியை உள்ளே விடாத நேரம். மைசூரில் அரண்மனை எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது. டயர் பஞ்சர் கடை எங்கே என்று கேட்டால் தெருப் பெயரோடு வழி சொல்வார். அம்மா இந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் போனில் கேட்டே பழகியவர். இப்ப எங்க இருக்கறீங்க என்று கேட்பார், பதிலாக வரும் ஊரை மனதில் வைத்துக்கொள்வார். அதில் ஒரே ஒரு ஊரையாவது கண்ணால் பார்க்க வேண்டும், அது மைசூராக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

எனக்கு அப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் வேலை. பழைய கார் ஒன்றைத் தவணையில் வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால் எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வரும். ஐந்து நாள் திட்டத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து, அலுவலகத்திலேயே அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தேன். நாமக்கல்லில் காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்புவது, சேலம், தர்மபுரி வழியாக ஒகேனக்கல், அங்கே ஓர் இரவு. பெங்களூரில் இரண்டு இரவு. மைசூரில் ஓர் இரவு. நடுவில் எங்கே டீ, எங்கே டீசல், எங்கே சுத்தமான கழிப்பறை என்பது உட்பட எழுதியிருந்தேன். தங்கை அதை வாங்கிப் பார்த்தாள்.

"பதினோரு இடத்துல நிறுத்தறதா? இது டூரா, டவுன் பஸ்ஸா?"

அம்மா சிரித்தார். அப்பா தாளை வாங்கினார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தவர், சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவில் நிறுத்தினார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'ரயில்' என்று எழுதினார்.

காரைச் சேலம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு தர்மபுரி வரைக்கும் ரயிலில் போவது, அங்கிருந்து வாடகைக் கார் பிடித்துக்கொள்வது, திரும்பும்போது மைசூரிலிருந்து நேராகச் சேலத்துக்கு ரயில் ஏறுவது என்றார். ஒரு மணி நேரத் தூரத்துக்காக இது எதற்கு என்று கேட்டேன். கையில் சொந்தக் கார் இருக்கும்போது வாடகைக் கார் என்றால் செலவு இரண்டு மடங்காகும் என்றேன். மேட்டூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகலாமா என்றும் கேட்டேன். அதுவும் தொப்பூரில் போய்த்தான் ஏறுகிறது என்றார். அவர்கள் மூவரையும் ரயிலில் அனுப்பிவிட்டு நான் மட்டும் காரில் வருகிறேன் என்றதற்கு, நீயும் அதில் போக வேண்டாம் என்றார்.

"இருவத்தெட்டு வருசம் லாரி ஓட்டுன மனுசனுக்குக் காருல உக்கோரப் பயமாயிருச்சாட்டக்குது" என்று அம்மா கிண்டல் செய்தார்.

"ஆமா புள்ள, பயந்தான்" என்றார் அப்பா.

அது பயம் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் எதற்குப் பயம் என்பதில் அம்மாவுக்குப் பாதிதான் தெரியும்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் அது நடந்தது. தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு அப்பாவும் மாமாவும் நாமக்கல் கோழித்தீவன மில்லுக்கு வந்துகொண்டிருந்தார்கள். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்திருந்தது. முன்னால் மொபெட்டில் போனவரைத் தட்டிவிட்டு லாரி நூறடி தள்ளிப்போய்த்தான் கட்டுக்குள் வந்தது. அப்பா நிறுத்தப் போயிருக்கிறார். மாமா விடவில்லை. லாரித் தொழிலில் கிளீனராகச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம் அது: ஆளை அடித்துவிட்டால் அந்த இடத்தில் இறங்காதே, கூட்டம் சேர்ந்தால் உயிரோடு விடமாட்டார்கள், நேராக அடுத்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வண்டியை நிறுத்திச் சொல்லிவிடு. அப்பா அப்படித்தான் செய்தார். மலை இறங்கி, ஸ்டேஷன் வாசலில் லாரியை நிறுத்தி, சாவியை மேசைமேல் வைத்தார். சரியாகச் செய்தாய் என்று முதலாளி, வக்கீல், கூட ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதன்பின் இரண்டு வருடம் வேறு ரூட்டில் ஓட்டினார்; பெங்களூர் பக்கம் லோடு வந்தால் வேறு டிரைவருக்குக் கொடுத்துவிடுவார். பிறகு ஸ்டியரிங்கையே விட்டுவிட்டுத் தீவன மில்லில் வாசல் காவலுக்கு உட்கார்ந்தார்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது இன்சூரன்ஸ் கேஸின் தீர்ப்பு நகல் வந்தது. முழுக்க ஆங்கிலம். அப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் என்னைக் கூட்டிப்போய், அம்மாவுக்குக் கேட்காமல் படிக்கச் சொன்னார்.

"அந்தாளு எப்பப் போனார்னு போட்டிருக்குதா சாமி?"

போட்டிருந்தது. மதியம் இரண்டு பத்துக்கு விபத்து. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது இரண்டு ஐம்பது. அதுவரை மூச்சு இருந்தது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. எனக்கு அந்த ஆங்கிலம் நன்றாகவே புரிந்தது. என்னை ஆங்கிலம் படிக்க வைத்ததில் அப்பாவுக்கு எவ்வளவு பெருமை என்பதும் தெரியும். "ஸ்பாட்லயேன்னு போட்டிருக்குங்கப்பா" என்று சொன்னேன். அப்பா தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் படிப்பை அவருக்காக நான் முதன்முதலில் பயன்படுத்தியது அன்றுதான்.

அதற்குப் பிறகு அந்த நாற்பது நிமிடம் என்னோடுதான் இருந்தது. அலுவலகத்தில் யாராவது நாற்பது நிமிடத்தில் வருகிறேன் என்றால் எனக்குத் தார்ச்சாலையில் கிடக்கும் ஒரு மனிதரின் நினைவு வரும். அவர் முகம் தெரியாது. காகிதத்தில் இருந்த பெயரும் வயதும்தான் தெரியும். வயது முப்பத்து நான்கு. அவர் மேல் லாரியின் நிழல் விழுந்து விலகியதிலிருந்து இரண்டு ஐம்பது வரைக்கும் அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க நான் எவ்வளவோ பழகிப் பார்த்திருக்கிறேன்.

அப்பா சொன்னபடியே திட்டத்தை மாற்றி எழுதினேன். தர்மபுரியில் நான்கு நாளைக்கு ஒரு வாடகைக் காரைப் பேசி முன்பணம் அனுப்பினேன். ஒகேனக்கல்லிலும் பெங்களூரிலும் அறைகளுக்குப் பணம் கட்டினேன். மைசூரில் தங்குவதற்குப் பதிலாக அன்றிரவே திரும்பும் ரயிலில் நான்கு படுக்கை பதிவு செய்தேன். அம்மா மைசூருக்கென்று ராசிபுரம் போய் ஒரு சேலை எடுத்து வந்தார். மடிப்புக் கலையாமல் பெட்டியில் மேலாக வைத்தார்.

கிளம்பிய அன்று எல்லாம் எழுதியபடியே நடந்தது. சேலம் ஸ்டேஷனில் காரை விட்டோம். காலை ரயிலில் கூட்டம் இல்லை. தங்கையும் அம்மாவும் ஒரு ஜன்னல், நானும் அப்பாவும் எதிர் ஜன்னல். ஓமலூர் தாண்டி மலை நெருங்க நெருங்க அப்பா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர்வண்டிக்காக நிறுத்தினார்கள். இன்ஜின் சத்தம் அடங்கியதும் வேறொரு சத்தம் கேட்டது. மரங்களுக்கு அந்தப் பக்கம் லாரிகள் இறங்கும் சத்தம்; காற்று பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும் சீறல். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். கிளைகளுக்கு நடுவே சாலையின் ஒரு துண்டு தெரிந்தது. அந்தச் சாலையைத் தவிர்ப்பதற்காக அவர் தேர்ந்தெடுத்த ரயில் அதன் பக்கத்திலேயே கொண்டுவந்து எங்களை நிறுத்தியிருந்தது.

அப்பா எழுந்து பிளாட்பாரத்தில் இறங்கினார். பின்னால் போனேன். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"நீ அன்னைக்குப் படிக்கறப்ப ஒரு வரியில நின்னுட்டே. பொறவு திரும்ப மேல இருந்து படிச்சே" என்றார். "அப்பவே எனக்குத் தெரியுஞ்சாமி."

வேறு யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"இல்ல. நீ சொன்னதே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அதை வச்சுத்தான் தூங்குனேன், இத்தன வருசம்." என் பக்கம் திரும்பினார். "இப்பச் சொல்லு. எப்பப் போனாரு?"

"நாப்பது நிமிசம் உசுரு இருந்துச்சுங்கப்பா. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் இருந்துச்சு."

"நிறுத்தியிருந்தாப் பொழச்சிருப்பாரா?"

"அது அதுல போடலீங்கப்பா. எனக்குத் தெரியாதுங்க."

எதிர்வண்டி வந்து போனது. அப்பா ஏறி அதே இடத்தில் உட்கார்ந்தார். இந்த முறை ஜன்னலைப் பார்த்தபடி. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை.

தர்மபுரியில் வாடகைக் கார் காத்திருந்தது. அப்பா முன் சீட்டில் ஏறிக்கொண்டு, ஒகேனக்கல் வேண்டாம், சேலம் ரோட்டில் விடு என்று டிரைவரிடம் சொன்னார். அந்த ஆள் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தங்கை ஏன் என்று கேட்டாள். போகிற வழியில் பின் சீட்டில் அம்மாவுக்கும் அவளுக்கும் மெதுவாகச் சொன்னேன், நான் பொய் படித்ததையும் சேர்த்து. இறக்கம் தொடங்கியதும் கருகிய பிரேக் வாடை காருக்குள் வந்தது. ஒரு வளைவு தாண்டி அப்பா கையைக் காட்டினார். இங்கே வண்டி நிறுத்தக்கூடாது, ரோந்து வண்டி வந்தால் அபராதம் போடுவார்கள் என்று டிரைவர் தயங்கினார். போட்டால் நான் கட்டுகிறேன் என்று அப்பா இறங்கிவிட்டார்.

அங்கே ஒன்றும் இல்லை. தடுப்புக் கம்பி, ஓரத்து மண், காய்ந்த புல். அப்பா செல்போனில் மணியைப் பார்த்துவிட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றார். லாரிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி இறங்கின. ஒவ்வொன்று போகும்போதும் காற்று அடித்து அவர் வேட்டி காலோடு ஒட்டியது. பத்து நிமிடத்தில் எனக்குப் போதும் என்றிருந்தது. இருபதில் தங்கை அழுதுகொண்டே காருக்குள் போய் உட்கார்ந்தாள். அம்மா தண்ணீர் பாட்டிலோடு போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார்; கொடுக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஒருவர்கூட நிறுத்தி என்னவென்று கேட்கவில்லை.

நாற்பது நிமிடம் முடிந்ததும் அப்பா மறுபடி மணியைப் பார்த்தார்.

"இத்தன நேரமா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அம்மாவிடம், நீங்கள் மூன்று பேரும் இதே காரில் மைசூர் போய்விட்டு வாருங்கள், நான் ஏதாவது பஸ் ஏறிக்கொள்கிறேன் என்றார். அம்மா அவர் கையில் பாட்டிலைக் கொடுத்தார்.

"மைசூரு எங்கயும் போயிராதுங்க. குடிச்சுப்போட்டு ஏறுங்க, ஊட்டுக்குப் போலாம்."

அதே சாலையில் கீழே இறங்கினோம். சேலம் ஸ்டேஷனில் வாடகைக் காரை அனுப்பிவிட்டு எங்கள் காரை எடுத்துக்கொண்டு மதியச் சோற்றுக்கு வீடு வந்து சேர்ந்தோம். ஐந்து நாள் விடுப்பில் நான்கு நாள் மிச்சம் இருந்தது. அப்பா மில்லுக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் அந்தத் தீர்ப்பு நகலைக் கொண்டுவந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். இறந்தவரின் பெயரை இரண்டு முறை கேட்டார். அவருக்கு இரண்டு குழந்தைகள் என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். இப்போதும் அப்பா சரியாகத் தூங்குவதில்லை. நானும்தான்.

அந்த வாரக் கடைசியில், டூருக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார். அறைப் பணம் திரும்பி வரவில்லை. மைசூர் டிக்கெட்டில் பிடித்தம் போகத்தான் வந்தது. வாடகைக் காருக்கும், போன ரயிலுக்கும், சேலத்தில் கார் விட்டதற்கும் கொடுத்ததையெல்லாம் சேர்த்துப் பார்த்தேன். குறைத்துச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"பத்தாயிரத்து இருநூத்தி அறுவது ரூபாங்கப்பா."