அழகேசன் மொழிபெயர்த்த ஒரு சொல்

அழகேசனுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ரொறன்ரோவில், பார்க்டேல் பகுதியில் ஒரே வீட்டில்தான் வாடகைக்கு இருந்தோம். எனக்கு நிலவறை, அவருக்கு மேல்மாடி. கும்பகோணத்துக்காரர். ஐரோப்பிய நாடுகள் ஏன் கடல்கடந்து போய்க் குடியேற்ற நாடுகளைப் பிடித்தன என்று ஆராய்ச்சி எழுத ரொறன்ரோவுக்கு வந்தவர். வருடக்கணக்காக எழுதிக்கொண்டே இருந்தார். சோறு கொதிக்கும்போதும் கையில் அகப்பையோடு குசினியைச் சுற்றிச் சுற்றி நடப்பார்.

“மயில்வாகனம், இதைக் கேளுங்க. போர்ச்சுகல்காரனுக்கு மிளகு கிடைச்சுது. அதைப் பார்த்து டச்சுக்காரனுக்குப் பொறுக்கலை. அவனைப் பார்த்து இங்கிலீஷ்காரனுக்குப் பொறுக்கலை. பாதிக்கு மேல வெறும் வயித்தெரிச்சல்தான்யா!”

“அண்ணை, சோறு அடிப்பிடிக்குது.”

அவருடைய காரணங்களும் அவரைப்போலத்தான், நிற்காது. ஒருநாள் பஞ்சும் ரப்பரும் என்பார். இன்னொரு நாள், ஆலைகளில் குவிந்த துணியை விற்கச் சந்தை வேண்டியிருந்தது என்பார். பிறகு அதெல்லாம் தப்பு, அடுத்தவன் முந்திவிடுவானே என்ற பயம்தான் என்று சொல்லி, எழுதியதைக் கிழித்துப் போடுவார். ஒன்றுக்கும் உதவாத பாலைவனத்தில்கூடப் பிரெஞ்சுக்காரன் கொடி நடமுன் தாங்கள் நட்டுவிட வேண்டும் என்று இங்கிலீஷ்காரர் ஓடினார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உலகத்தை எல்லாம் யார் யாருக்கோ பங்குபோட்டுக் கொடுக்கிற மனிதர். எனக்கோ இருக்க ஒரு நாடு இல்லை.

நான் இலங்கையில் வல்வெட்டித்துறைக் கடலோடி. மொன்றியலில் சொல்லாமல் கப்பலை விட்டிறங்கி, ரொறன்ரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பொலிஸ் கார் தெருவில் திரும்பினாலே நெஞ்சு அடிக்கும். எழுபத்துமூன்றாம் ஆண்டு கோடையில் அரசாங்கம் ஓர் அறிவித்தல் விட்டது. பத்திரமில்லாமல் இருப்பவர்கள் ஒக்டோபருக்குள் தாங்களாக வந்து பதியலாம், தகுந்த ஆளென்றால் நிரந்தரமாக இருக்கலாம். தவறவிட்டால் பிடித்து அனுப்புவார்கள். எனக்குத் திரும்பிப் போக மனமில்லை. போனாலும் இனி எந்தக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள்.

எனக்குக் கோப்பை கழுவுகிற அளவு ஆங்கிலம்தான் தெரியும். அதனால் அழகேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் அறையில் மனுசன் ஆயிரம் தரம் நடந்திருப்பார்.

“உங்கடை தீசிஸை வீட்டை வச்சிட்டு வந்தனீங்களோ, தலைக்குள்ள கொண்டு வந்தனீங்களோ?” என்று சினந்தேன்.

“அது எங்கய்யா என்னை விடுது?” என்றார்.

மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி எங்களை உள்ளே அழைத்தார். கனடாவுக்கு ஏன் வந்தாய் என்று கேட்டார்.

“குடியேற வந்தனான்,” என்றேன்.

அழகேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார். “கொலனைஸ்” என்ற சொல் என் காதில் விழுந்தது. அரசாங்கமே ஆள்களை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து அடுத்தவன் காணியில் கொலனி போட்ட நாட்டிலிருந்து வந்தவன் நான். எனக்கா அந்தச் சொல் விளங்காது? கனடாவைப் பிடிக்க வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டார் பாவி!

அதிகாரியின் பேனா நின்றது. “கனடாவையா?” என்றார்.

“ஐயோ அண்ணை, என்ன சொன்னனீங்கள்?”

“நீங்க சொன்னதைத்தான்யா சொன்னேன். குடியேற்றம்னா…” அப்போதுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

எழுந்தார். அந்தச் சின்ன அறைக்குள்ளும் நடக்கத் தொடங்கினார். சரி, முடிந்தது, இனி என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பேசியதை வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்குத் தமிழில் சொன்னார்: “கொலனி பிடிக்கிறவன் கப்பலோட வருவான், அம்மா. இவன் கப்பலை விட்டுட்டு வந்தவன். அவன் பின்னால பட்டாளமும் கம்பெனியும் ராஜாவும் நிப்பாங்க. இவன் பின்னால நான் ஒருத்தன்தான் நிக்கிறேன். அவன் கேக்காம எடுப்பான். இவன் காலையிலேர்ந்து உங்க கதவுக்கு வெளியில நின்னு கேட்டுக்கிட்டிருக்கான்.”

அதிகாரி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இன்னும் நாலைந்து கேள்வி கேட்டார். பிறகு என் தாளில் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு அந்தப் பெண் நிறுத்தவில்லை. அழகேசன் பக்கம் திரும்பி, நீங்கள் ஏன் வந்தீர்கள், உங்களிடம் விசா இருக்கிறதா என்று கேட்டார்.

அது எனக்கே விளங்குகிற ஆங்கிலம். அழகேசனின் நடை நின்றது. விசா முடிந்து மாதங்களாகிவிட்டன; அது எனக்குத் தெரியும். இத்தனை நாடுகளுக்கு இத்தனை காரணம் சொன்ன வாயில் ஒரு சொல் வரவில்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“சேம், மேடம்,” என்றேன் நான். “ஹி ஆல்சோ. சேம் ரீசன்.”

அந்தப் பெண் மேசையிலிருந்து இன்னொரு புது விண்ணப்பத் தாளை எடுத்தார். நான் எழுந்து என் கதிரையை அழகேசன் பக்கம் தள்ளினேன்.

“இருங்கோ அண்ணை,” என்றேன்.

இருந்தார்.