வெறும் பக்கத்தில் போட்ட கையெழுத்து

ஒளியைச் சிப்புக்குள் ஏற்றி, மறுபக்கம் எடுத்து அளப்பதுதான் பத்து ஆண்டுகளாக என் வேலை. தஞ்சாவூரில் ஓர் ஆய்வுக்கூடம். தலைமுடி அளவு கண்ணாடி இழையின் நுனியை, சிப்பிலுள்ள, அதைவிடப் பல மடங்கு மெல்லிய ஒளிப்பாதைக்கு நேராக நிறுத்த வேண்டும். இம்மி விலகினாலும் ஒளி சிதறிவிடும். நேராக நின்றாலும் இடையிலுள்ள காற்றால் கொஞ்சம் ஒளி வந்த வழியே திரும்பிவிடும். அங்கே ஒரு சொட்டு எண்ணெய் வைத்தால் இழப்பு குறையும். ஆனால் எண்ணெய் இல்லாமலேயே நன்றாக ஒளி வாங்கும் சிப்பைத்தான் நாங்கள் ஒரு நிறுவனத்துக்குச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம்.

அளவீட்டு நோட்டில் அளந்தவரும் உடனிருந்து பார்த்தவரும் கையெழுத்திட வேண்டும். அந்த வாரம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. குத்தாலத்தில் எங்கள் வயலுக்கு நடவு ஆள் கிடைத்தது வியாழக்கிழமை மட்டும்; அளவீடும் அன்றுதான்.

"போயிட்டு வாங்கக்கா. ரெண்டு பக்கத்துல கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் கூட வேலை பார்ப்பவர். தினமும் என்னோடு சாப்பிடுகிறவர். இன்னும் எதுவும் எழுதாத பக்கங்களில், உடனிருந்து பார்த்தவர் இடத்தில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தபோது நிறுவனத்துக்கு அறிக்கை போயிருந்தது. எண்கள் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தேன். சிப்பின் விளிம்பில் பல நிறத்தில் மெல்லிய படலம். துடைத்துவிட்டு அளந்தேன். பழைய எண்தான் வந்தது.

"எண்ணெய் வெச்சீங்களா?"

"ஒரு சொட்டுதான்க்கா."

"நோட்டுல எழுதலையே."

"எழுதியிருந்தா, பக்கத்துல நின்னு பாத்தவங்க நீங்கதான. உங்களையும் சேத்துக் கேப்பாங்க. உங்களுக்காகத்தான் விட்டேன்."

சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரிடம் போய் இரண்டையும் சொன்னேன்: எண்ணெயையும், என் கையெழுத்தையும். அவர் நோட்டைப் புரட்டினார். எண்ணெயைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இதுக்கு முன்னாடி எத்தனை பக்கம் இப்படிப் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல சார்."

அவர் நிமிர்ந்து, வாசலில் வந்து நின்ற அந்தச் சக ஊழியரைப் பார்த்தார். பத்து ஆண்டும் என் பக்கத்தில் நின்று அளந்தவர். பதில் தெரிந்த இன்னொருவர் அவர் மட்டும்தான்.

"எனக்கு ஞாபகம் இல்ல சார்" என்றார் அவர்.

பேராசிரியர் அலமாரியைத் திறந்து, நான் கையெழுத்திட்ட நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். எல்லாவற்றையும் திரும்ப அளக்க வேண்டும் என்றார், வேறு ஆளை வைத்து.