ஒரு கல்லுக்காக மடித்த மலை

ஒரு கல்லைக் காப்பாற்றுவதற்காக நான் ஒரு மலையையே மடித்திருக்கிறேன். கையால் அல்ல, பென்சிலால். பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில், பன்வில பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் பாறைகளை வரைபடமாக்கியபோது நடந்தது அது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓர் அறையளவு பெரிய கல் கிடந்தது. எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அதன் மேல்தான் காயும். வரைபடத்தில் அந்தக் கல் இருந்த இடத்தில் நான் ஒரு வளைகோடு போட்டேன். பார்ப்பதற்கு என்னமோ அழகாகத்தான் இருந்தது.

எங்கள் பாடம் புவிச்சரிதவியல். லயத்தில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. “கல்லு படிக்கிற புள்ள” என்றே சொன்னார்கள். களவேலைக்கு எங்களை இருவர் இருவராகப் பிரித்துவிட்டபோது எனக்குக் கிடைத்த கூட்டாளி யாழ்ப்பாணத்துக்காரி. கண்டிக்குப் படிக்க வந்த பிறகுதான் மலை என்ற ஒன்றைக் கண்டவள். லயத்தில் எங்கள் அறையான காம்பராவில்தான் தங்கினாள். அம்மா காலையில் ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுப்பாள். கூட்டாளியோ அட்டைக்கடிக்குப் பயந்து காலுறைக்குள் சவர்க்காரத் தூளைப் போட்டுக்கொண்டு போய், மழை பெய்ததும் காலெல்லாம் நுரை தள்ள நடப்பாள். எனக்குச் சிரித்து மாளாது. ஆனால் வேலையில் படு கறார். எங்கள் பக்கத்துப் பாறைகளில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் ஓடும். அவை எந்தத் திசையில், எத்தனை பாகை சரிகின்றன என்று அளந்து குறிக்க வேண்டும். அளக்கும் முன் ஒரு கேள்வி உண்டு: இந்தக் கல் மலையோடு சேர்ந்ததா, மேலிருந்து உருண்டு வந்ததா? உருண்டு வந்த கல்லை அளப்பது முதலாம் வருடத்துப் பிழை.

அந்தப் பிழையைத்தான் நான் கடைசி வருடத்தில் செய்தேன். மற்றப் பாறைகளெல்லாம் மேற்கே சரிய, எங்கள் கல் மட்டும் கிழக்கே சரிந்தது. அது இடம் மாறி வந்த கல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பிறந்ததிலிருந்து அங்கேதானே இருக்கிறது! ஆகவே பாறை அடுக்கே அந்த இடத்தில் மடிந்து திரும்புகிறது என்று கோடு போட்டுவிட்டேன். கூட்டாளி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தாள்.

“நீர் கீறின மடிப்பு இங்க இல்லை. இந்தக் கல் மேல இருந்து வந்தது. கல் மட்டும் தனிய வந்திராது” என்றாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மலையையே காணாதவள் எனக்கு மலை காட்ட வந்தாயா என்று கேட்டும்விட்டேன். அவள் மேலே ஏறினாள். நானும் பின்னால் போனேன். தேயிலைக்கு மேலே, பற்றைப் புதருக்குள், சரிவு அரை வட்டமாக அறுந்து இறங்கியிருந்தது. எப்போதோ மலையின் ஒரு துண்டு அங்கிருந்து கழன்று வந்திருக்கிறது. எங்கள் லயம், கல், சுற்றியுள்ள நிலம் எல்லாமே அந்தப் பழைய மண்சரிவின் மேல்தான் உட்கார்ந்திருந்தன.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் லயத்துச் சனத்துக்குத் தனி வீடுகள் கட்ட நிலம் அளந்து முளை அடித்திருந்தார்கள். அதில் ஒரு துண்டு அம்மாவுடையது. காலமெல்லாம் கொழுந்து பறித்து, லயத்து ஒற்றைக் காம்பராவில் எங்களை வளர்த்த அம்மா, வேலை முடிந்து வந்ததும் அந்த முளைகளுக்கு நடுவே நின்று குசினி எது, சாமி அறை எது என்று காட்டுவாள். நான் அந்தக் கோட்டைத் தெரியாமல் போட்டேனா, முளைகளை நினைத்துப் போட்டேனா என்று கேட்டால் இன்றைக்கும் சத்தியம் பண்ண மாட்டேன்.

கோட்டை அழித்தது நான். பழைய மண்சரிவு என்று அறிக்கையில் எழுதியதும் என் கைதான். விரிவுரையாளர் அதை உரிய அலுவலகத்துக்கு அனுப்ப, அவர்கள் வந்து பார்த்து வீட்டு வேலையை நிறுத்தினார்கள். செய்தி வந்த அன்று, விடுமுறைக்காக நாங்கள் இருவரும் லயத்தில் இருந்தோம். அம்மா என் பக்கம் திரும்புவதற்குள் கூட்டாளி முந்திக்கொண்டாள். “அம்மா, அது நான்தான் எழுதினனான்” என்றாள். அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தவர் வீட்டை நிறுத்தத்தான் படித்தாயா, சோறு போட்டதற்கு இதுதானா என்று கேட்காத கேள்வி இல்லை. அவள் தலை குனிந்து நின்றாள். நான் வாயே திறக்கவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது அதுவே என் தொழில். கண்டியைச் சுற்றியுள்ள சரிவுகளில் வீடு கட்டலாமா, கூடாதா என்று எழுதிக் கொடுக்கிறேன். கூட்டாளி வெளிநாட்டுச் சுரங்கமொன்றில் வேலை செய்கிறாள். அந்தச் சரிவு இதுவரை அசையவில்லை. அடைமழை என்றால் மட்டும் லயத்துச் சனம் பாடசாலையில் போய்ப் படுக்கிறது. அம்மாவுக்கு வேறு இடத்தில் வீடு கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. போன மாதம், அந்த வீட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவளிடம் எழுதியது நான்தான் என்று சொன்னேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும்டி. அன்னைக்கே ஒம் மூஞ்சியில தெரிஞ்சுச்சு. ஒன்னைய ஏசியிருந்தா படிப்ப விட்டுட்டு வந்து நின்னுருப்ப. அந்தப் புள்ள தாங்கிக்கும்.”

கூட்டாளிக்கு இதை எழுத வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், இன்னும் எழுதவில்லை. அவள் ஏச்சு வாங்கினாள், அம்மா வீட்டுக்காகக் காத்துக் கிடந்தாள். அந்த வரைபடத்தால் எதையும் இழக்காதவள் நான் ஒருத்திதான்.