நூறு சதவீதம் பச்சை

"...அதுவும் நீங்க எழுதின தமிழாச்சேன்னு நம்பினேன் பாருங்க, அங்கதான் தப்பு பண்ணிட்டேன். நேத்து ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டது மேடம். இப்ப பதினொண்ணு. ஒரு வாய் காபி கிடையாது. இன்னும் ஆள் வரலை!"

காலையில் வாசலில் நின்று இப்படி அர்ச்சனை செய்தவர் நாகராஜன் சார். பொழிச்சலூரில் எங்கள் அப்பார்ட்மென்டின் இரண்டாவது மாடி. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, மாலை ஆறு மணிக்கு டாக்டரிடம் ரிப்போர்ட் காட்ட வேண்டும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேபின் ஆப்பில் முதல் நாளே பதிவு செய்துவிட்டார்.

அந்த ஆப்பைத் தமிழாக்கியது... அடியேன்தான்.

உட்காரச் சொன்னேன். என் காபி டம்ளரை டீப்பாயின் மறு ஓரத்துக்கு நகர்த்தினேன். வாசனையை நகர்த்த முடியவில்லை.

"எதை அழுத்தினீங்க சார்?"

"'உறுதி செய்'னு இருந்ததை. 'நன்றி'ன்னு வந்துச்சே!"

அதே ஆப்பை என் போனில் ஆங்கிலத்தில் திறந்தேன். அவர் அழுத்திய இடத்தில் இருந்தது 'கேன்சல்'. உறுதி செய்ய வேண்டிய பச்சைப் பட்டனில், அவர் போனில் தமிழில் இருந்தது — 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?'

"எனக்குத்தான் மறக்கலையே. அதான் தொடலை" என்றார். நியாயம்தானே?

ஆப்பை உருவாக்கிய இம்ரானுக்குப் போன் போட்டேன். பம்மலில் நாலு பேரை வைத்து ஆபீஸ் நடத்துகிறார்.

"சான்ஸே இல்லக்கா. நூறு பர்சன்ட் பச்சை காட்டுது!"

அந்தப் பச்சையின் மகிமையைச் சொல்கிறேன். ஒரு ஸ்ப்ரெட்ஷீட். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் என் தமிழ். முந்நூறு வரி. இம்ரானின் டூல் அதை அப்படியே ஆப்புக்குள் ஏற்றிவிடும். கட்டம் காலியாக இருந்தால் சிவப்பு. ஏதாவது இருந்தால் பச்சை. என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அநாவசியம். பரீட்சைப் பேப்பரைக் கனம் பார்த்துத் திருத்துகிற ஜாதி!

இம்ரான் ஷீட்டைத் திறந்து பார்த்தார்.

"அக்கா... தமிழ்ப் பக்கத்தை மட்டும் சார்ட் பண்ணீங்களா?"

பண்ணினேன். ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதிவிட்டேனா என்று பார்க்க, அகர வரிசையில் அடுக்கினேன். பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து நகர்த்தவா என்று கம்ப்யூட்டர் ஏதோ கேட்டது. நாம் என்றைக்கு அதையெல்லாம் படித்தோம்? தோன்றியதை அழுத்தினேன். ஆங்கிலம் அசையாமல் நிற்க, முந்நூறு தமிழ் வரிகளும் அடுத்தவர் வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

சரி, ஆப் வெளிவந்து இரண்டு வாரம் ஆகிறதே... வேறு ஒருவர்கூடவா சொல்லவில்லை?

"யாருக்கா போனைத் தமிழ்ல வெச்சுகினு கீறாங்க?"

"நீ டெஸ்ட் பண்ணலையா?"

"பச்சை காட்டிச்சேக்கா!"

என் போனும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நான் எந்த முகத்தோடு அவரைத் திட்டுவது? மற்றவர்கள் பட்டனின் நிறத்தைப் பார்த்து அழுத்துகிறவர்கள். ஆக, படிக்காமல் அழுத்திய அத்தனை பேர் வீட்டுக்கும் ஆள் போயிருக்கிறார். கண்ணாடி போட்டு, நிதானமாகத் தமிழில் படித்து அழுத்திய ஒரே மனிதர் — பட்டினி.

"மத்த இடமெல்லாம் விசித்திரமா இல்லையா சார்?"

"இருந்துச்சு. நடுவுல ஒரு இடத்துல 'தெருவில் எத்தனை நாய்?'ன்னு கேட்டுச்சு. மூணுன்னு போட்டேன். நீங்க எழுதினதாச்சே, ஏதோ நவீன நடை போலன்னு விட்டுட்டேன்."

ரத்தம் எடுக்க வருகிறவருக்காக முகவரியோடு கேட்க வேண்டிய கேள்வி அது. போனில் இம்ரான் சிரிப்பை அடக்குவது கேட்டது. "சாருக்கு மூணு வயசுன்னு பதிவாகிக் கீதுக்கா."

ஷீட்டைச் சரிசெய்தாலும் திருத்தம் போன்களுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகுமாம். ஆனால், சார் இப்போதே பதிவு செய்தால் அரை மணியில் ஆளை அனுப்பச் சொல்கிறேன் என்றார் இம்ரான். அதற்கு 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?'வை அழுத்த வேண்டும்.

சார் அழுத்தினார். பதிவாகிவிட்டது. வாழ்த்து வரவேண்டிய இடத்தில் தமிழில் வந்தது: 'பிழை. நாளை மீண்டும் முயல்க.'

"அது வாழ்த்து சார்! ஆள் கிளம்பிடுவார்" என்றேன்.

சார் திரையை ஒரு முறை பார்த்தார். என்னை ஒரு முறை பார்த்தார். எழுதியிருப்பதை மதிக்கிற மனிதர். கையை நீட்டி என் காபியை எடுத்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.