சந்தில் அவிழ்த்துவிட்ட வண்டி

மூன்றாம் வகுப்புவரைதான் படித்தேன். கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் மிளகாய் மூட்டைகளுடன் ராமநாதபுரம் சந்தைக்கு வண்டி கட்டிப் போனேன். கடைத்தெருவில் நிறுத்த இடமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் சந்தில் வண்டியை விட்டு, மாடுகளை அவிழ்த்து ஊருணிக்குத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போனேன். அவற்றை அங்கேயே கட்டிவிட்டுத் திரும்பினால் சந்தில் ஒரே கூட்டம். என் வண்டியைத் தாண்ட முடியாமல் இன்னொரு வண்டி நின்றது. அதில் ஒரு பெண் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கூறுகெட்டவன் வண்டிடா இது? மாட்டையும்ல பத்திக்கிட்டுப் போயிட்டான்!" என்று அவள் புருஷன் கத்தினான்.

யாரோ ஒருவன்போல மற்றவர்களோடு சேர்ந்து என் வண்டியையே தள்ளினேன். வழி கிடைத்தது.

சாயங்காலம் சந்தையில் அவன் என்னைக் கண்டு ஓடிவந்தான். "தாயும் புள்ளையும் பொழச்சிருச்சுகண்ணே. நீங்க தோள் குடுத்தீக, நல்லா இருப்பீக" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் அது என் வண்டி என்று நான் சொல்லவில்லை. சந்தோஷமோ வெட்கமோ தோன்றவில்லை. அவன் பிடித்திருந்த கை வேறு யாருடையதோ போலிருந்தது.

இப்போது ஊருக்கு வெளியே பொட்டலில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிறேன். மற்ற வண்டிக்காரர்களையும் அங்கே கூப்பிடுகிறேன். ஏன் என்று கேட்டால், "இங்கன நெழலு இருக்குல்ல" என்பேன். அந்த வண்டி என்னுடையது என்பதை முதன்முதலாக இந்தத் தாளில்தான் சொல்கிறேன்.

விளம்பி வருடம், மாசி 12.