மூன்று நகல்களும் அழிந்த பிறகு

நம்பாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். போலீசில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் கூட பாதிதான் இருக்கிறது. மீதி இங்கே.

ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாவற்றையும் சேமித்துத் தரும் கம்பெனியில் எனக்கு வேலை. எங்களிடம் எந்தத் தரவும் மூன்று நகலாக இருக்கும். எங்கள் ஸ்டோரேஜில் ஒன்று, ஊருக்கு வெளியே வேறொரு கட்டடத்தில் ஒன்று, டேப்பில் ஒன்று. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும்.

அக்கா வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார். என் அத்தான். எட்டு மாதம் முன்பு, ஸ்டோரேஜ் அறைக்குள் அவர் தனியாக இருந்தபோது காற்றை வெளியேற்றித் தீயணைக்கும் வாயு சிலிண்டர்கள் திறந்துகொண்டன. கதவு திறக்கவில்லை. மூச்சு முட்டியே போய்விட்டார். அலாரம் அடித்தும் அலட்சியமாக உள்ளே நின்றார் என்று மேனேஜர் எழுதிக்கொடுத்தார். அன்றைய கேமரா பதிவு மூன்று இடத்திலும் பழுதாகிவிட்டதாம்.

"மூணும் ஒரே நாள்ல எப்படிடி போகும்?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழைய ஸ்டோரேஜை முழுக்க அழித்துவிட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. நானும் மேனேஜரும் மட்டும். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் என் மேசை. அந்தப் பக்கம் அத்தான் செத்த அதே அறை, ஹார்ட் டிஸ்க் வட்டுகள்.

அழித்து முடித்தேன். திரையில் பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு சதவீதம் நிரம்பியிருப்பதாகக் காட்டியது.

மறுபடி அழித்தேன். இரண்டு.

மூன்றாவது முறை... ஐந்து.

திரை பொய் சொல்கிறது என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். ஊருக்கு வெளியே உள்ள கட்டடத்தோடு இணைக்கும் கேபிளைக் காலையிலேயே உருவியிருந்தோம். அது தரையில் சுருண்டு கிடந்தது. ஆனால் தரவு வந்துகொண்டே இருந்தது.

எங்கிருந்து?

ஒரே ஒரு கோப்பு. வீடியோ. திறந்தேன்.

அத்தான் உள்ளேயிருந்து கதவை அறைகிறார். இந்தப் பக்கம் மேனேஜர். கைக்கெட்டும் தூரத்தில், கதவைத் திறக்கும் பட்டன். அவர் அதைப் பார்க்கிறார். அத்தானைப் பார்க்கிறார். கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்கிறார். அத்தான் சரிந்து விழும்வரை அப்படியே நிற்கிறார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன்களை மேனேஜர் தொலைத்துவிட்டு மறைக்கிறார், நாளைக்கு மேலிடத்தில் சொல்லப்போகிறேன் என்று சாவதற்கு முந்தின நாள் ராத்திரிதான் அத்தான் வீட்டில் சொல்லியிருந்தார்.

என் தோளுக்குப் பின்னால் மேனேஜரின் குரல்.

"இத நான் மூணு இடத்துலயும் அழிச்சேனே..."

சொன்னவர் நிற்கவில்லை. அந்த வட்டுகளை உருவி எடுக்க உள்ளே ஓடினார்.

கதவு சாத்திக்கொண்டது. டக்.

பச்சை விளக்குகள் வரிசை வரிசையாகச் சிவப்பாயின. கடைசி வரிசையிலிருந்து... அவரை நோக்கி.

உஸ்ஸ்ஸ்...

மேனேஜர் கதவை அறைந்தார். நான் பட்டனை அழுத்தினேன். கதவு திறக்கும் கார்டைத் தேய்த்தேன். நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடியில் அடித்தேன். கீறல்கூட விழவில்லை.

அவருக்குப் பின்னால்... யாரோ.

நீலக் கட்டம் போட்ட சட்டை. அக்கா அத்தானுக்கு எடுத்துக்கொடுத்தது.

பேன்ட் பாக்கெட்டில் இரண்டு கையும்.

மேனேஜர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

கதவு தானாகத் திறந்தது.

உள்ளே மேனேஜர் மட்டும்தான் கிடந்தார். உயிர் இல்லை. ஸ்டோரேஜ் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது.

வாயுவைச் சுவாசித்து மூச்சு முட்டிய சாவு என்று டாக்டர் எழுதினார். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். மறுவாரம் அந்தத் தீயணைக்கும் வாயு சிலிண்டர்களைச் சோதிக்க ஒரு மெக்கானிக் வந்தார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"யாரும்மா இதுல வாயு வந்துச்சுன்னு சொன்னது? எட்டு மாசத்துக்கு முன்னாடி காலியானது. அதுக்கப்புறம் நாங்க ரொப்பவே இல்லையே."