நாகலெட்சுமிக்கு வாய்த்த வெள்ளைக்காரி

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தவள் நாகலெட்சுமி. மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் மடங்காமல் போனபின் அந்த வேலைக்கு வந்தவள். தொட்டில்களோடு பேசிப் பேசிப் பெரியவர்களிடமும் மழலையில் பேசுகிறாள் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கேலி செய்வார்கள்.

அறுபத்து மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு துணை வந்து சேர்ந்தது. சம்பளம் வாங்காமல் ஒரு வருடம் தொண்டு செய்ய டென்மார்க்கிலிருந்து வந்த பெண். தோட்டத்துத் துரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனார். வந்தவள் தன் நெஞ்சைத் தொட்டு, "இங்கா" என்றாள்.

நாகலெட்சுமி திருதிருவென்று விழித்தாள். பிள்ளைகள் பால் கேட்டுச் சிணுங்குவதும் அப்படித்தானே? பாவம், பசிபோல என்று ஒரு கோப்பை பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். அவளும் மறுக்காமல் குடித்தாள். அது அவளுடைய பெயர் என்று புரியச் சாயங்காலம் ஆகிவிட்டது.

முதல் மாதம் இங்கா பட்டபாடு கொஞ்சமல்ல. காலுறைக்குள் அட்டை புகுந்தது. காரமான தேங்காய்ச் சம்பலை ஒரு வாய் வைத்துவிட்டு மூக்கும் கண்ணும் ஒழுக உட்கார்ந்திருந்தாள். அறைக் கூரையும் கூடவே ஒழுகியது. "எங்க ஊர்ல குளிரு வெளிய. இங்க வீட்டுக்குள்ள" என்று, வந்த கொஞ்சத் தமிழில் முறையிட்டாள்.

ஆனால் தொட்டிலிலிருந்து "ங்கா... இங்கா..." என்று சத்தம் கேட்டால் போதும், எல்லாம் மறந்து ஓடுவாள்.

"அக்கா, பாருங்க! என் பேரு தெரியுது!"

"ஆமா தங்கச்சி, ஒன்னயத்தான் தேடுதுக" என்று சொல்லிவிட்டு, நாகலெட்சுமி திரும்பி நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள்.

ஒருநாள் தன் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த பூரணி இதைப் பார்த்துவிட்டாள். "அட, அது பாலு கேக்குதுங்க! ஒங்களயா கூப்புடுது?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். இங்காவின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை.

நாகலெட்சுமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பூரணியிடம் விட்டுவிட்டு, ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு நொண்டியபடி இங்காவின் அறைக்குப் போனாள். அங்கே அவள் பெட்டியில் பாதித் துணி ஏறியிருந்தது.

"ஏன் அக்கா சொல்லல?"

"சொன்னா நீ போயிருவியே. நாள் முழுக்கப் புள்ளைகளோடயே பேசிக்கிட்டுக் கெடக்குறேன். திருப்பிப் பேச எனக்கும் ஒரு ஆளு வேணாமா?"

இங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டியைப் பிரித்தாள்.

"சம்பல் எங்க?"

அந்த வருடம் முழுக்க அவள் இருந்தாள். ஊருக்குக் கிளம்பிய நாளில் அட்டன் ஸ்டேஷனுக்கு நாகலெட்சுமியும் போனாள். இங்காவின் பையை வைக்க ரயிலேறியவள் பேச்சு சுவாரசியத்தில் இறங்க மறந்தாள். ரயில் நகர்ந்துவிட்டது. அடுத்த ஸ்டேஷனான ரொசல்லயில் இறங்கி, பஸ் பிடித்து, பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினாள்.

"எங்க ஆயா போயிட்ட?" என்று லயமே கூடிக் கேட்டது.

"டென்மார்க்குக்குத்தான் கெளம்புனேன்" என்றாள் நாகலெட்சுமி. "ரொசல்லயிலயே எறக்கி விட்டுட்டாங்க."